பிஸ்கட் தள்ளிவிடவில்லை

– கைய எடு.

– கழுத்தத்தானே தொட்டேன்.

– கழுத்தும் வேணாம், காதும் வேணாம். எடுன்னா எடு. பிஸ்கட் மேல இன்னொரு தடவை உன் கை பட்டுச்சு, மாவுக்கட்டு ஒரு கையில இருக்கிறது ரெண்டு கையிலயும் ஆயிடும்.

– மிரட்டுறியா மார்னி?

– இல்ல, கொஞ்சுறேன். மூணு வாரமா லாயத்துப் பக்கம் தலை காட்டாதவ இன்னிக்கு எதுக்கு வந்த? ஞாயித்துக்கிழமை, வெயில் மண்டையப் பொளக்குது. ஸ்கூலே நீச்சல் குளத்துல கெடக்கு. நீயும் போய்க் கெட.

– கட்டோட எப்படி நீச்சல் அடிக்கிறது?

– ஓரமா உக்காந்து யாரையாவது குத்தம் சொல்லு. அதுக்குக் கை வேணாம், வாய் போதும்.

– மூணு மணிக்கு வண்டி வருதுன்னு போர்டுல எழுதியிருந்தாங்க. அவன் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.

– பாத்தாச்சுல்ல? நாலு காலு, ஒரு வாலு. கெளம்பு நியூயார்க்கு.

– எனக்கு ஒரு பேர் இருக்கு. பெட்டினா. அப்புறம் இது என்னோட குதிரை.

– என்னது? திரும்பச் சொல்லு, காது அடைச்சிருக்கு.

– ஸ்கூல்ல ஆளுக்கு ஒண்ணுன்னு இந்த வருஷத்துக்கு எனக்குக் கொடுத்த குதிரை. செப்டம்பர்ல மிஸஸ் டாலிவர் எல்லார் முன்னாடியும் பேரை வாசிச்சு, கயித்த என் கையில கொடுத்தாங்க. பெட்டினா வெக்ஸ்லர், பிஸ்கட். மார்னி ஓல்செத், சேஜ். உன் சேஜ் அந்தக் கோடியில நிக்குது. நீ எதுக்கு என் குதிரையத் தேச்சுக்கிட்டு இருக்க?

– ஏன்னா உன் குதிரைக்காரி மூணு வாரமா மெத்தையில படுத்துக்கிட்டு ஜூஸ் குடிச்சிட்டு இருந்தா. இவன் சாணிய அள்ளினது நான். தண்ணித் தொட்டியக் கழுவினது நான். காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு சேஜுக்கும் புல்லு போட்டு இவனுக்கும் புல்லு போட்டேன். அப்ப உனக்கு ரெண்டாவது தூக்கம். ஒரே ரூம்தானே, உன்னத் தாண்டித்தானே போறேன்.

– தூங்கல. நீ பூட்ஸ் மாட்டுற சத்தம் கேக்கும். கதவை வேணும்னே டொம்முன்னு சாத்துவ, அதுவும் கேக்கும்.

– ஆமா, வேணும்னேதான்.

– மூணு வாரமா ஒரு வார்த்தை பேசல. சாப்பாட்டு மேசையில உப்புக் கேட்டாக்கூடப் பக்கத்துல இருக்கிறவகிட்ட கொடுத்து என்கிட்ட தரச் சொல்ற. டாக்டர்தான் என்னை லாயத்துக்குப் போகாதன்னாரு. தோள்கிட்ட ஒண்ணு, முழங்கைக்குக் கீழ ஒண்ணு, ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு.

– அடேங்கப்பா. எனக்கு எட்டு வயசுல ரெண்டு விலா போச்சு. பதினொண்ணுல மணிக்கட்டு. எங்க மொன்டானாவுல அதுக்காக யாரும் குதிரையக் கூண்டுல ஏத்தி அனுப்ப மாட்டாங்க. கட்டப் போட்டுட்டு மறுநாள் மாடு பத்தக் கெளம்பிடுவோம்.

– ஆரம்பிச்சிட்டியா? எங்க மொன்டானா, எங்க பண்ணை, எங்க பனி. நடக்கிறதுக்கு முன்னாடியே நான் குதிரை ஏறினேன். இந்தப் பாட்ட முதல் நாள்லேந்து கேக்குறேன். நான் பொறந்து வளந்தது பதினொண்ணாவது மாடி. அங்க குதிரை வராது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

– தெரியாம வந்தத யாரும் தப்பு சொல்லல.

– சொல்லல? முதல் வாரம் நான் குளம்பைத் தூக்கத் தெரியாம அவன் காலைக் கட்டிப் புடிச்சிட்டு நின்னப்ப, "எல்லாரும் வாங்க, நியூயார்க்கு குதிரைகிட்ட டான்ஸ் ஆடக் கேக்குறா"ன்னு கூப்பிட்டுக் காமிச்சது யாரு? நான் ஏறி உக்காந்தா "மூட்டை ஏறிடுச்சு, கட்டுங்கடி"ன்னு கத்தினது யாரு?

– மூட்டை மாதிரி உக்காந்தா மூட்டைன்னுதான் சொல்லுவாங்க. குதிகாலைக் கீழ அழுத்து, முதுக நிமித்துன்னு டாலிவர் மேடம் தொண்டை வத்தக் கத்துறாங்க, உன் குதிகால் வானத்தப் பாக்குது. அத விடு. அதுவா இப்பப் பிரச்சனை? இவன் உன்னத் தள்ளிவிட்டான்னு சொன்ன பாரு, அதான் பிரச்சனை.

– அத இப்பப் பேச வேணாம்.

– இப்பப் பேசாம? மூணு மணிக்கு மேல பேசுறதுக்குக் குதிரை இருக்காது. பத்தொம்பது வயசு இவனுக்கு. பன்னெண்டு வருஷமா இந்த மலையில உன்ன மாதிரி எத்தனை பேரச் சொமந்திருக்கான். வாசப்படி தாண்டவே யோசிச்சுத்தான் காலை எடுத்து வைப்பான். இவன் துள்ளினானாம், மகாராணி விழுந்தாங்களாம்.

– நீ பாக்கல. நீ முன்னாடி போயிட்ட.

– கத்தல் கேட்டுத் திரும்பினேன்ல? என்ன பாத்தேன்னு சொல்லட்டா? துள்ளுற குதிரை ஆள் விழுந்த மறு நிமிஷம் ஓடும். மூணு மலை தாண்டித்தான் நிக்கும். பிஸ்கட் நின்னுக்கிட்டு இருந்தான். சேணம் வயித்துக்குக் கீழ தொங்குது, உன் கால் ஒண்ணு அங்கவடி வளையத்துல மாட்டிக்கிட்டு இருக்கு, உன் தலை அவன் முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல மண்ணுல கெடக்கு. ஒரு குளம்பு நகத்தல அவன். தோலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது, ஆனா நகரல. நான் எறங்கி ஓடிவந்து உன் காலை எடுத்து விடுற வரைக்கும் நின்னான். ஒரு அடி வெச்சிருந்தான்னா உன் மண்டை முட்டையோடு மாதிரி போயிருக்கும்.

– எனக்குத் தெரியும்.

– தெரியுமா? தெரிஞ்சுதான் அப்படி எழுதிக் கொடுத்தியா? "ஓடைகிட்ட எறங்கி சேணத்தோட வயித்து வார இறுக்கிட்டு ஏறினேன். சரிவுல குதிரை திடீர்னு துள்ளிச்சு." மேடம் எனக்கு வாசிச்சுக் காமிச்சாங்க. மூணு தடவை போய்ச் சொன்னேன், மேடம் அவ பொய் சொல்றா, குதிரை நின்னுச்சு, நான் பாத்தேன்னு. "ஏறினவ கையெழுத்துப் போட்டிருக்கா மார்னி, அவ அப்பா வக்கீல், குதிரைய வெளிய அனுப்பலைன்னா கோர்ட்டுக்குப் போவேன்னு கடுதாசி போட்டிருக்காரு, ஸ்கூல் குழு கூடி முடிவு பண்ணிடுச்சு"ன்னு சொல்லிட்டாங்க.

– அந்த லெட்டர நான் எழுதச் சொல்லல. ஆஸ்பத்திரியிலேந்து போன்ல அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். அப்பா அப்படிக் கெளம்புவார்னு நான் நெனச்சேனா?

– நீ எதைத்தான் நெனச்ச?

– கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் இவனை அனுப்புறாங்கன்னு கேட்டதும்... எங்கயாவது புல்வெளி இருக்கும்ல? வயசான குதிரைங்களுக்குன்னு. வேலை இல்லாம நிம்மதியா மேயட்டும்னு...

– யார் சொன்னா?

– யாரும் சொல்லல. அப்படித்தான இருக்கும்?

– ஐயோ, ஐயோ! பதினொண்ணாவது மாடி! புல்வெளியாம். நியூயார்க்கு, வண்டி போறது ஏலத்துக்கு. செவ்வாக்கெழமை ஏலம். பத்தொம்பது வயசுக் குதிரை, காயிதத்துல "ஆளைத் தள்ளும்"னு எழுதியிருக்கு. அத யாரு வாங்குவா? புள்ளைங்களுக்குச் சவாரி சொல்லிக் கொடுக்க வாங்குவாங்களா? கறிக்காரன்தான் வாங்குவான். முப்பது குதிரைய ஒரே லாரியில அடைச்சு, தண்ணி காட்டாம எல்லை தாண்டி மெக்சிகோவுக்குக் கொண்டு போவான். அங்க போனதும் என்ன நடக்கும்னு சொல்லணுமா?

– நீ சும்மா சொல்ற.

– பொய் சொல்றது என் பழக்கமில்ல.

– நெஜமாவா மார்னி?

– எங்க பக்கத்துப் பண்ணைக்காரர் வித்த குதிரை அப்படித்தான் போச்சு. நான் அந்த லாரியப் பின்னாடி நின்னு பாத்திருக்கேன். பலகை இடுக்குல கண்ணு மட்டும் தெரியும். போதுமா? இப்பப் போய் ஜூஸ் குடி.

– அவன் துள்ளல.

– என்ன?

– பிஸ்கட் துள்ளல. தள்ளல. ஒண்ணும் பண்ணல.

– இந்தா பாரு! சொன்னேன்ல? மூணு வாரமா நான் கத்தினேன்ல? வா. இப்பவே வா. மேடம் மேல ஆபீஸ் ரூம்லதான் இருக்காங்க. வந்து இதையே அப்படியே சொல்லு.

– விடு. கையப் புடிக்காத, வலிக்குது. சொல்ல முடியாது.

– முடியாதா? குதிரை சாகப் போகுதுன்னு இப்பத்தான சொன்னேன்?

– சொன்னா அடுத்த கேள்வி வரும். அவன் துள்ளலைன்னா சேணம் எப்படிக் கவுந்துச்சுன்னு கேப்பாங்க.

– நீ ஒரு பக்கமாச் சரிஞ்சு தொங்கியிருப்ப. சேணத்தையும் சேத்து இழுத்துட்ட. மூட்டைக்கு வேற என்ன தெரியும்?

– வார் இறுக்கமா இருந்தா எவ்வளவு தொங்கினாலும் சேணம் சுத்தாது. இது நீயே ரூம்ல உக்காந்து பெருமையடிச்சது. "எங்க ஊர்ல ஆறு வயசுப் பையன் ஒரு அங்கவடியில ரெண்டு காலையும் வெச்சுத் தொங்குவான், சேணம் அசையாது."

– ஆமா. அதுக்கென்ன?

– அன்னிக்கு பிஸ்கட்டுக்குச் சேணம் போட்டது யாரு மார்னி?

– தள்ளி நில்லு, இவன் வாலைச் சீவணும்.

– சொல்லு. பேச்சுத்தான் நல்லா வருதே உனக்கு.

– நான்தான் போட்டேன். அதுவும் எதுக்கு? எல்லாரும் மலையேறிப் போயாச்சு, மகாராணி பாத்ரூம்ல அழுதுக்கிட்டு இருக்காங்க. உன்னக் கூட்டிட்டு வான்னு மேடம் என்ன நிறுத்திட்டுப் போனாங்க. நீ வந்து நிக்கிற, கண்ணு வீங்கியிருக்கு, சேணத்த ரெண்டு தடவை தூக்குற, ரெண்டு தடவையும் அடியில விரிச்ச கம்பளம் கீழ விழுது. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா? புடுங்கி நான் போட்டேன். உதவி பண்ணினேன்டி! அடுத்தவ குதிரைக்குச் சேணம் போடக் கூடாதுன்னு சட்டம், தெரியும், அப்பவும் போட்டேன். அதையும் சேத்துப் பொய் எழுதிக் கொடுத்திருக்க, நானே போட்டேன்னு. நானும் வாயத் தொறக்கல, ஏன்னா அது ஒண்ணுதான் நீ பண்ணின நல்ல காரியம்னு விட்டுட்டேன்.

– எத்தனாவது ஓட்டையில மாட்டின?

– என்ன கேள்வி கேக்குற நீ? என்கிட்ட?

– எத்தனாவது?

– இறுக்கமா மாட்டினேன். விரல் நுழையாது. நான் வார் இழுத்தா மலை சாஞ்சாலும் சேணம் சாயாது. அஞ்சு வயசுலேந்து போடுறேன்.

– இவனை நடத்திட்டுத் திரும்ப இறுக்கினியா?

– எதுக்கு?

– பிஸ்கட் வயித்த உப்பிக்குவான்.

– ஹா! யாரு, இவனா? சில குதிரைங்க அப்படிப் பண்ணும், வார் இழுக்கும்போது மூச்சப் புடிச்சு வயித்த ஊதிக்கும், அப்புறம் விட்டுடும். அத நீ எனக்குச் சொல்லித் தர்றியா? இவன் அந்த மாதிரி திருட்டுக் குதிரை கெடையாது. இவனப் பாத்தாலே தெரியும்.

– ஆறு வாரம் தினமும் இவனுக்குச் சேணம் போட்டது நான். முதல் நாளே மிஸஸ் டாலிவர் சொன்னாங்க. "இவன் நல்லவன்தான், ஆனா வார் விஷயத்துல கள்ளன். இறுக்கு, லாயத்த ரெண்டு சுத்து நடத்து, திரும்ப இறுக்கு. மறந்தா நீ தரையில இருப்ப." எனக்கு வேற எதுவும் ஒழுங்கா வராது. இது ஒண்ணு வரும். நான் ஒரு நாள் கூட மறந்ததில்ல.

– அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல? வாய்ல என்ன இருந்துச்சு?

– சொன்னேன். "கொஞ்சம் நடத்திட்டு இன்னொரு தடவை இறுக்கணும்"னு சொன்னேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? "நான் போட்ட சேணத்துக்கு நீ பரிச்சை வைக்கிறியா? ஏறித் தொலை."

– அப்படிச் சொல்லல.

– சொன்ன.

– சொல்லியிருந்தாலும்... இறுக்கமாத்தான் இருந்துச்சு. இரு. இங்கயே இரு, நகராத. அந்தச் சேணத்தையும் கம்பளத்தையும் எடுத்துட்டு வர்றேன். உன் கண்ணு முன்னாடியே போட்டுக் காமிக்கிறேன். அப்புறம் மேடத்துகிட்ட ஓடிப் போய்ச் சொல்ற. சரியா?

– சரி.

– நில்லுடா பிஸ்கட். நில்லு, செல்லம். இந்தா, கம்பளம். சேணம். இப்ப வார இழுக்குறேன், பாரு. நாலு... அஞ்சு. அஞ்சாவது ஓட்டை. விரல விட்டுப் பாரு.

– நீயே விடு.

– போகல. ஒரு விரல் போகல. போதுமா?

– நடத்து.

– சும்மா நேரத்த...

– ரெண்டு சுத்து நடத்து மார்னி. பயமா இருக்கா?

– யாருக்கு? வாடா பிஸ்கட். நியூயார்க்கு அம்மா பரிச்சை வைக்கிறாங்களாம். வா. அப்படித்தான். இவன் நடையப் பாரு, இந்தக் குதிரைதான் துள்ளினானாம். இது ஒரு சுத்து. இப்பப் பெருமூச்சு ஒண்ணு விட்டான், அது வெயிலுக்கு. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு சுத்து. ஆச்சு.

– இப்ப வாருக்கு அடியில கைய விடு. எவ்வளவு போகுது?

– இரு.

– எவ்வளவு போகுதுன்னு கேட்டேன்.

– முழுக் கை.

– சேணத்த ஒரு பக்கமா இழுத்துப் பாரு.

– வேணாம். தெரியுது. இழுக்க வேணாம்.

– சரிவுல எறங்கும்போது அப்படியே மெதுவாச் சுத்துச்சு. நான் என்னமோ தல சுத்துதுன்னு நெனச்சேன். அப்புறம் வானம் கீழ போச்சு. அவன் வயிறுதான் தெரிஞ்சுது, ரொம்பப் பக்கத்துல. மூச்சு விடுறது தெரிஞ்சுது. நகராதடா, நகராதடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவன் நகரல.

– இத ஏண்டி அப்பவே சொல்லல? ஆஸ்பத்திரியில கேட்டப்பவே "மார்னிதான் போட்டா, வார் லூசா இருந்துச்சு"ன்னு சொல்லியிருந்தா இவன் இங்க நிம்மதியா நின்னிருப்பானே!

– நீ நிம்மதியா நின்னிருப்பியா?

– என்ன பேச்சு இது?

– செப்டம்பர்ல நீ அந்தப் பையன் க்ரேடன அவன் சட்டையோட தண்ணித் தொட்டிக்குள்ள முக்கின.

– என் பூட்ஸ்லேந்து மாட்டு நாத்தம் வருதுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான். இப்ப நெனச்சாலும் திரும்ப முக்குவேன்.

– அன்னிக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். ரூம்மேட்னு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். கதவு மெல்லிசு. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா ஸ்காலர்ஷிப் கெடையாது, அடுத்த பஸ்ஸுல மொன்டானா." நீ "சரி சார், சரி சார்"னு சொன்ன. உன் குரல் அப்படி ஒடுங்கிப் போய் நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, அப்புறமும் கேட்டதில்ல.

– ஒட்டுக் கேட்டியா?

– காது இருந்துச்சு, கேட்டுச்சு. அடுத்தவ குதிரைக்குச் சேணம் போட்டு, அவ விழுந்து கை ஒடஞ்சுதுன்னா, உன்ன எந்த பஸ்ஸுல அனுப்பியிருப்பாங்க?

– அப்ப எனக்காகப் பொய் சொன்னியாக்கும்? என் மேல இரக்கமா? உன் இரக்கம் யாருக்கு வேணும்? உன்கிட்ட வந்து நான் கேட்டேனா?

– உனக்காகன்னு ரொம்பத் தலையில ஏத்திக்காத. பாதி எனக்காகத்தான். ஆறு வாரம் ஆகியும் சேணம் போடத் தெரியல, வேற ஒருத்தி போட்டு ஏத்திவிட்டான்னு ஸ்கூல் பூராச் சிரிக்கும். அதவிடக் குதிரை துள்ளிச்சுன்னு சொல்றது கௌரவமா இருந்துச்சு. மீதிப் பாதி... தெரியல. உன்னப் புடிக்கவே புடிக்காது எனக்கு. ஆனா நீ போயிட்டா அந்தக் காரணம் நானா இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. குதிரை பேசாது, அதனால அது மேல போட்டேன். போதுமா?

– கேவலம்.

– ஆமா.

– உன்னச் சொல்லல.

– பின்ன?

– வாய மூடு. கொஞ்ச நேரம் வாய மூடேன். நான் யோசிக்கணும்.

– யோசிக்க நேரமில்ல. தூசி தெரியுது பாரு கேட்டுகிட்ட. வண்டி.

– மேடமும் எறங்கி வர்றாங்க. அந்தச் சேணத்தக் கழட்டு, சீக்கிரம். கழட்டுடி!

– ஒத்தக் கையால எப்படிக் கழட்டுறது? நீ கழட்டு.

– பக்கிள் வர மாட்டேங்குது. இரு.

– மார்னி! கயித்த மட்டும் மாட்டி வாசல்ல நிறுத்துன்னுதான சொன்னேன்? சேணம் எதுக்கு இவன் மேல? கடைசியா ஒரு சவாரி போலாம்னு பாத்தியா?

– இல்ல மேடம்.

– பெட்டினா, நீ இங்க என்ன பண்ற? உனக்கு லாயத்துக்கு வர அனுமதி இல்லையே. ரெண்டு பேரும் திரும்ப அடிச்சுக்கிட்டீங்களா? மேல வரைக்கும் சத்தம் கேக்குது. இதோ பாருங்க, இன்னிக்கு என்னால பஞ்சாயத்துப் பண்ண முடியாது. மார்னி, சேணத்த எறக்கு. வால்ட் வண்டியத் திருப்பி நிறுத்துறாரு, பலகை போட்டதும் இவனை ஏத்தணும்.

– மிஸஸ் டாலிவர், ஏத்தாதீங்க.

– முடிவு பண்ணியாச்சு பெட்டினா.

– பிஸ்கட் துள்ளல.

– என்ன சொன்ன?

– அவன் துள்ளவே இல்ல. சேணம் சரிஞ்சு நான் விழுந்தேன். வார் தளந்திருந்துச்சு.

– ஓடைகிட்ட எறங்கி இறுக்கினேன்னு எழுதியிருக்க.

– எறங்கல. இறுக்கல. எழுதினது பொய்.

– லாயத்துல நடத்திட்டு இறுக்கினியா?

– இல்ல.

– ஆறு வாரம். தினமும் காலைல இந்த எடத்துல நின்னு நான் என்ன சொன்னேன் உனக்கு?

– இறுக்கு, ரெண்டு சுத்து நடத்து, திரும்ப இறுக்கு. மறந்தா நீ தரையில இருப்ப.

– அட்சரம் மாறாம வருது! அன்னிக்குச் சேணம் போட்டது யாரு, நீதானா?

– நான்தான். லேட்டாயிடுச்சு, அவசரத்துல போட்டேன். மார்னி "திரும்ப இறுக்கிட்டியா"ன்னு கேட்டா. இறுக்கிட்டேன்னு அவகிட்டயும் பொய் சொன்னேன்.

– மார்னி, அப்படியா?

– மேடம், நான்...

– அவளுக்கு அப்புறம் எதுவும் தெரியாது. அவ முன்னாடி போயிட்டா.

– பெட்டினா, நான் ஏழு பேருக்குப் போன் போட்டேன். முப்பது வருஷமாத் தெரிஞ்சவங்க. "பிஸ்கட்ட எடுத்துக்கோங்க, உங்க கொல்லையில ஒரு ஓரத்துல நிக்கட்டும்"னு கெஞ்சினேன். ஏழு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க, புள்ளையத் தள்ளுற குதிரை வேணாம். நேத்து சாயங்காலம் இவனுக்கு ஓட்ஸ் கொண்டு வந்தவ, இவன் மூஞ்சியப் பாக்க முடியாம வாளியக் கீழ வெச்சிட்டுப் போயிட்டேன். இந்த மூணு வாரமும் உனக்கு உண்மை தெரியும்.

– தெரியும்.

– ஏன் பொய் சொன்ன?

– வெக்கமா இருந்துச்சு.

– சரி. வால்ட்! வால்ட், பலகையப் போடாதீங்க! குதிரை வரல. ஆமா, காலி வண்டியாத்தான் போங்க. ஏலக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆமாங்க, நெஜமாத்தான். போங்க!

– தேங்க்ஸ் மிஸஸ் டாலிவர்.

– எனக்குத் தேங்க்ஸ் சொல்லாத. கேட்டுக்கோ. குதிரை இங்கயே இருக்கும். நீ இருக்க மாட்ட. விழுறது தப்பில்ல, நான் நாப்பது தடவை விழுந்திருக்கேன். வார மறக்குறதக்கூட ஒரு தடவை மன்னிப்பேன். தன் தப்பக் குதிரை தலையில கட்டி, அது சாகப் போறதப் பாத்துக்கிட்டு இருந்தவளுக்கு இந்த லாயத்துல எடமில்ல. லாயத்துல எடமில்லாதவளுக்கு இந்த ஸ்கூல்லயும் எடமில்ல. அஞ்சு மணிக்கு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வா. உங்க அப்பாவுக்கு அங்கேந்தே போன் போடலாம்.

– சரி மேடம்.

– வேற ஏதாவது சொல்லணுமா?

– இல்ல. கடைசியா ஒரு தடவை இவன் கழுத்தத் தொட்டுக்கலாமா?

– மார்னிகிட்ட கேளு. இந்த மூணு வாரமும் இவனைப் பாத்துக்கிட்டது அவதான்.

– ...தொட்டுக்கோ.

– மார்னி, உன்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். மூணு தடவை வந்து நின்ன. "அவ பொய் சொல்றா மேடம்"னு கண்ணுல தண்ணியோட சொன்ன. உனக்கு அவ மேல காட்டம், அதனால பேசுறன்னு நெனச்சு நான் காது கொடுக்கல. இந்த ஸ்கூல்ல உன்னப் பத்தி நாங்க நெனச்சதெல்லாம் வேற. நீ நேர்மையா இருந்த, நான்தான் கேக்கல. மன்னிச்சுக்கோம்மா.

– மேடம்...

– அவ குதிரைக்குத் தண்ணி காட்டணும் மேடம், நாம போலாம்.

– நீ சும்மா இரு நியூயார்க்கு. மேடம், எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. அன்னிக்கு பிஸ்கட்டுக்குச் சேணம் போட்டது நான்.